லாரியை அறியாத நாற்காலிகள்: தில்லி போக்குவரத்து நகர் ஊழியர்களின் மனக்குறை

புது தில்லி: தலைநகரின் வடக்கு விளிம்பில், கர்னால் நெடுஞ்சாலையிலிருந்து சற்று விலகி அமைந்துள்ளது சஞ்சய் காந்தி போக்குவரத்து நகர். கனரக லாரிகள் பகலில் தில்லிக்குள் நுழையத் தடை இருப்பதால், பொழுது சாய்ந்த பிறகே இங்கு வேலை சூடுபிடிக்கிறது. கீழ்த்தளத்தில் கிட்டங்கி, மேல்தளத்தில் அலுவலகம் என வரிசை வரிசையாகக் கட்டடங்கள். ஒவ்வோர் அலுவலகத்திலும் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு நாற்காலி உண்டு. அதில் யார் அமர்வது என்பதுதான் தடுப்புக்கு இப்பால் இருப்பவர்களின் நெடுநாளைய பேச்சு.

லாரி நிறுவன ஊழியர் என்றதும் ஓட்டுநரின் முகமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இத்தொழிலின் முதுகெலும்பு முன்ஷி என்று அழைக்கப்படும் அலுவலக ஊழியர். சரக்கு ரசீது எழுதுவது, ஓட்டுநருக்கு முன்பணம் கொடுப்பது, எந்த லாரியை எந்தத் தடத்தில் அனுப்புவது என முடிவு செய்வது, சுமை ஏற்றும் பல்லேதார்களுக்குக் கூலி கொடுப்பது, வழியில் பழுதாகி நிற்கும் லாரிக்கு மெக்கானிக் தேடுவது வரை எல்லாம் அவர் பொறுப்பு. பத்து, இருபது ஆண்டுகள் இதே வேலையில் இருப்பவர்கள் ஏராளம். அவர்களிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் நிதானமாகவே பதில் வருகிறது. மேலாளராக யாரை நியமிக்கிறார்கள் என்று கேட்டால்தான் குரல் மாறுகிறது.

மேலாளர் பதவிக்கு இங்கு இரண்டு வாசல்கள் உள்ளன. ஒன்று முதலாளியின் உறவு அல்லது ஊர். மற்றொன்று மேலாண்மைப் பட்டம். நிறுவனத்துக்குள்ளேயே வேலை கற்று மேலே வருவதற்கான மூன்றாவது வாசல் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது என்கின்றனர் ஊழியர்கள். புதிதாக வரும் மேலாளருக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் முன்ஷியின் தலையிலேயே விழுகிறது. ஆறு மாதம் கழித்து, கற்றுக்கொண்டவர் கற்றுக்கொடுத்தவரிடம் விளக்கம் கேட்கத் தொடங்குகிறார்.

உறவுக்கு ஒரு காரணம் இருந்தது

இதில் முதலாளிகள் தரப்பையும் ஒதுக்கிவிட முடியாது. லாரித் தொழில் நெடுங்காலம் முழுக்க முழுக்க ரொக்கத்தில் நடந்த தொழில். டீசல், சுங்கம், ஓட்டுநர் பேட்டா, சோதனைச் சாவடிகளில் கணக்கில் எழுத முடியாத செலவு எனப் பணம் கைகளில் புரண்டது. கை சுத்தமில்லாத ஒரு முன்ஷி ஒரு நடையின் லாபம் முழுவதையும் விழுங்கிவிட முடியும். எனவே மைத்துனரையோ, சொந்த ஊர்க்காரரின் மகனையோ கல்லாவில் உட்கார வைப்பது பாதுகாப்பு எனக் கருதப்பட்டது. அனுபவம் மிக்க முன்ஷியை மேலாளராக்கினால், வாடிக்கையாளர்களை அழைத்துக்கொண்டு அடுத்த தெருவில் தனிக்கடை போட்டுவிடுவார் என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சம் ஆதாரமற்றது என்று கூற இயலாது. ஆனால் உள்ளே வழி இல்லாததால்தான் அவர் வெளியே போகிறார் என்பதை முதலாளிகள் எண்ணிப் பார்ப்பதில்லை.

முதல் தலைமுறை முதலாளிகள் மீது ஊழியர்களுக்கு இத்தகைய மனத்தாங்கல் இருந்ததில்லை. டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனத்தை பிரபு தயாள் அகர்வால் 1958-ல் கொல்கத்தாவில் ஒரே ஒரு லாரியுடன் தொடங்கினார். கர்நாடகத்தின் கதக் நகரில் 1976-ல் விஜய் சங்கேஷ்வர் தொடங்கிய வி.ஆர்.எல். நிறுவனத்தின் கதையும் ஒற்றை லாரியில்தான் ஆரம்பமாகிறது. நம் நாமக்கல், சங்ககிரி வட்டாரங்களில் கிளீனராகத் தொடங்கி, ஓட்டுநராகி, கடன் வாங்கி லாரி உரிமையாளரானவர்கள் பலர். பட்டையின் வளைவைப் பார்த்தே எத்தனை டன் ஏற்றியிருக்கிறது என்று சொல்லக்கூடிய முதலாளியிடம் திட்டு வாங்குவதை யாரும் அவமானமாகக் கருதவில்லை. இன்று கண்ணாடிக்கு அப்பால் இருப்பவர் அவர்களுடைய மகன் அல்லது பேரன். அல்லது அவர் தேர்ந்தெடுத்த பட்டதாரி.

காலமும் மாறிவிட்டது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் மாநில எல்லைகளில் விற்பனை வரிச் சாவடிகள் அகற்றப்பட்டன. 2018 ஏப்ரல் முதல் மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு மின்வழி ரசீது கட்டாயமானது. 2021 பிப்ரவரியில் சுங்கச் சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயமாயிற்று. டீசலுக்கு அட்டை, லாரி நிற்கும் இடத்தைக் காட்ட ஜி.பி.எஸ். கருவி. ரொக்கம் சுருங்கிவிட்டது, உறவினரைக் கல்லாவில் வைக்கச் சொல்லப்பட்ட காரணமும் அதனுடன் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்கியதாக ஊழியர்கள் கூறவில்லை.

நள்ளிரவுத் தொலைபேசி

தலைமை என்றால் என்ன என்று இங்குள்ளவர்களைக் கேட்டால் பெரிய விளக்கம் எதுவும் வராது. இரவு 2 மணிக்குத் தொலைபேசியை எடுப்பவர் யாரோ அவரே தலைவர் என்பதுதான் அவர்களுடைய அளவுகோல்.

மின்வழி ரசீதையே எடுத்துக்கொள்வோம். 2021 ஜனவரி முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் அதற்குச் செல்லுபடிக் காலம் தரப்படுகிறது. அதற்கு முன் 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் இருந்தது. சாதாரண நாள்களில் இது போதும். ஆனால் டிசம்பர், ஜனவரியில் தில்லியிலிருந்து கான்பூர் வரை பனிமூட்டம் கவிந்தால் லாரி மணிக்கணக்கில் சாலையோரம் நிற்கும். காற்று மாசு கட்டுக்கடங்காமல் போகும்போது தலைநகர எல்லையிலேயே லாரிகள் நிறுத்தப்படுகின்றன. ரசீதின் காலம் நள்ளிரவில் முடியும். முடிவதற்கு முன் 8 மணி நேரம், முடிந்த பின் 8 மணி நேரம். இதற்குள் காலத்தை நீட்டிக்காவிட்டால் வழியில் அதிகாரிகள் வண்டியைப் பிடித்து வைக்கலாம். சரக்குக்குரிய வரியைப் போல் இரு மடங்கு வரை அபராதம் கேட்கச் சட்டத்தில் இடமுள்ளது.

நீட்டிக்க வேண்டியது சரக்கை ஏற்றிச் செல்லும் நிறுவனம். நடைமுறையில் அதைச் செய்பவர், வீட்டில் உறங்கிக்கொண்டிருக்கும்போது எழுப்பப்படும் முன்ஷி. தவறினால் அபராதத்துக்கு யார் பொறுப்பு என்ற விசாரணை மறுநாள் காலை 11 மணிக்கு, மேலாளர் வந்த பிறகு தொடங்குகிறது. பனிமூட்டத்தில் ஏன் ஓட்டவில்லை என்று ஓட்டுநரைக் கேட்கும் மேலாளர்களும் உண்டாம். அந்தக் கேள்வியைக் கேட்கும் ஒருவர் லாரியின் முன்னிருக்கையில் அமர்ந்து ஓர் இரவாவது பயணம் செய்திருப்பாரா என்பதே ஊழியர்களின் மறுகேள்வி.

பட்டதாரி எல்லோரும் பகையல்லர்

வெளியிலிருந்து வரும் படித்தவர்களால்தான் எல்லாக் குறையும் என்று முடிவு கட்டுவதும் சரியாகாது. குருகிராமில் 2014-ல் தொடங்கப்பட்ட ரிவிகோ நிறுவனத்தின் அனுபவம் நினைவுகூரத் தக்கது. லாரித் தொழிலில் பிறக்காத, உயர்கல்வி பெற்ற இளைஞர்கள் தொடங்கிய நிறுவனம் அது. ஒரே ஓட்டுநர் தில்லியிலிருந்து சென்னை வரை போவதற்குப் பதிலாக, சில மணி நேரத்துக்கு ஒருவர் என அஞ்சலோட்டம் போல் ஓட்டுநரை மாற்றும் முறையைக் கொண்டுவந்தனர். பாதி வழி வரை ஓட்டியவர், எதிர்த்திசையில் வரும் லாரியை ஓட்டிக்கொண்டு அன்றே வீடு திரும்பலாம். ஓட்டுநரை பைலட் என்று அழைத்தனர். பெயர் மாற்றத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள்கூட, வாரக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருக்கும் தொழிலில் இரவு வீட்டில் தூங்குவது என்ன என்பதை அறிவார்கள். அந்த நிறுவனத்தின் விரைவுச் சரக்கு வணிகத்தை 2022-ல் மகிந்திரா லாஜிஸ்டிக்ஸ் ரூ.225 கோடிக்கு வாங்கியது. வணிகக் கணக்கு எப்படி இருப்பினும், ஓட்டுநரின் தூக்கத்தை நிர்வாகத்தின் கேள்வியாக்கியவர்கள் தொழிலுக்குப் புதியவர்களே என்பது கசப்பான உண்மை. பரம்பரையாகத் தொழில் நடத்தியவர்களுக்கு அது தோன்றவில்லை.

அப்படியானால் குறை பட்டத்தில் இல்லை. கீழே இருப்பவரிடம் கேட்கும் பழக்கம் இல்லாததில் உள்ளது.

ஓட்டுநர்களின் நிலையில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. வணிக வாகன ஓட்டுநருக்கு 8-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையை மத்திய அரசு 2019-ல் நீக்கியது. ஹரியாணாவின் மேவாத் போன்ற பகுதிகளில், படிப்பில்லாவிட்டாலும் தலைமுறையாக லாரி ஓட்டும் குடும்பங்களுக்கு இது உதவும் என்று கூறப்பட்டது. நியாயமான முடிவு. ஆனால் உள்ளே வர வழி திறந்ததே ஒழிய, மேலே போக எந்தப் படிக்கட்டும் வைக்கப்படவில்லை. முன்பு உஸ்தாத் எனப்படும் மூத்த ஓட்டுநரிடம் கிளீனராகச் சேர்ந்து தொழில் கற்கும் முறை இருந்தது. செலவைக் குறைக்கப் பல நிறுவனங்கள் கிளீனரையே நிறுத்திவிட்டன. பிறகு ஓட்டுநர் கிடைக்கவில்லை என்று வருந்துகின்றன. சேவ்லைஃப் அறக்கட்டளை 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 84 சதவீத ஓட்டுநர்கள் தம் உறவினர்களுக்கு இத்தொழிலைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று கூறியிருந்தனர். 2025 அக்டோபர் முதல் தயாரிக்கப்படும் புதிய கனரக லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதற்கும் அரசாணைதான் தேவைப்பட்டது.

யார் குரல் யாருடையது?

2024 புத்தாண்டு நாளில் நடந்தது இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. விபத்து ஏற்படுத்திவிட்டுத் தகவல் தராமல் தப்பிச் செல்லும் ஓட்டுநருக்கு 10 ஆண்டு வரை சிறை என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து, வட மற்றும் மேற்கு மாநிலங்களில் ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினர். பெட்ரோல் நிலையங்களில் வரிசைகள் நீண்டன. ஜனவரி 2-ம் தேதி உள்துறைச் செயலர் பேச்சு நடத்தியது அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸுடன். அது லாரி உரிமையாளர்களின் அமைப்பு. அந்த அமைப்புடன் கலந்தாலோசித்த பின்னரே பிரிவு அமல்படுத்தப்படும் என்று உறுதியளிக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 1-ல் சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது.

சிறைக்குப் போகக்கூடியவர் ஓட்டுநர். வேலையை நிறுத்தியவர் ஓட்டுநர். மேசையில் அவருக்காகப் பேசியவர் முதலாளி. வேறு எத்தனை தொழில்களில் இப்படி நடக்கும்?

அதே நாளில் மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாபூரில், ஓட்டுநர்களுடன் நடந்த கூட்டத்தில் மாவட்ட ஆட்சியர் ஓர் ஓட்டுநரைப் பார்த்து, உன் தகுதிதான் என்ன என்று இந்தியில் சீறிய காட்சி நாடெங்கும் பரவியது. மறுநாளே அவரைப் பதவியிலிருந்து மாநில அரசு மாற்றியது. ஆட்சியர் மாற்றப்பட்டார். அதே தொனியில் பேசும் மேலாளர்களைப் பற்றி முறையிட இடமில்லை என்பதுதான் போக்குவரத்து நகரில் கேட்கும் பேச்சு.

சட்டம் அவர்களை எப்படிக் கணக்கிடுகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. 1961-ன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கே பொருந்தியது. ஓட்டுநர், கிளீனர் மட்டுமன்றிப் பதிவு எழுத்தர், காசாளர், காவலர் வரை அனைவரையும் தொழிலாளர் என்று பெயர் சொல்லிச் சேர்த்தது. நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பும் விதித்தது. நெடுஞ்சாலையில் அதை எவரும் மதித்ததாக நினைவில்லை என்பது வேறு கதை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் அது கரைக்கப்பட்டது. புதிய சட்டத்தில் வரம்பு ஐந்திலிருந்து பத்துப் பேராக உயர்ந்துள்ளது. இரண்டு, மூன்று லாரிகளுடன் தொழில் நடத்துபவர்கள் மிகுந்த நாட்டில் இதன் பொருள் விளக்கம் வேண்டாதது. மேலும், மேற்பார்வைப் பணியில் ரூ.18,000-க்கு மேல் ஊதியம் பெறுபவர் தொழிலாளர் ஆகமாட்டார். இருபது ஆண்டுகள் உழைத்து, நான்கு பேரை மேய்க்கும் பொறுப்பும் பெற்ற மூத்த முன்ஷி இந்த இடைவெளியில் விழக்கூடும். முதலாளியின் பார்வையில் அவர் மேலாளர் அல்லர். சட்டத்தின் பார்வையில் தொழிலாளரும் அல்லர்.

புதிய சட்டங்களில் பயனே இல்லை என்பதல்ல. ஒவ்வொரு தொழிலாளருக்கும் பணி நியமனக் கடிதம் தரவேண்டும் என்பது வாய்ச்சொல்லிலேயே ஆள் எடுத்துப் பழகிய இத்தொழிலில் சிறிய மாற்றமல்ல. இருபது தொழிலாளர்களுக்கு மேற்படாவிட்டாலும், இருபதை எட்டிய நிறுவனங்களில் குறைதீர்ப்புக் குழு வேண்டும். அதில் நிர்வாகத்துக்கும் தொழிலாளர்களுக்கும் சம எண்ணிக்கையில் இடம் இருக்க வேண்டும் என்கிறது தொழில் உறவுத் தொகுப்புச் சட்டம். தொழிலாளர் தரப்பு நாற்காலியில் முதலாளியின் மைத்துனர் வந்து அமர்ந்துவிடாமல் யார் பார்த்துக்கொள்வது என்பதே போக்குவரத்து நகரின் முன்ஷிகள் இப்போது கேட்கும் கேள்வி.