வசதியிலிருந்து கட்டாயத்திற்கு: ஹூஸ்டன் மாநகரின் அன்றாட வாழ்வில் நேர்ந்த மாற்றங்கள்

முன்னுரை

நவீன வசதிகளின் நன்மை தீமைகளைப் பற்றிய கட்டுரைகள் நம் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் எழுதப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒவ்வொரு வசதியையும் தனித்தனிப் பொருளாக எடுத்துக்கொண்டு, அதனால் விளையும் பயனையும் கேட்டையும் பட்டியலிடும் முறையில் அமைகின்றன. ஒரு வசதி, தான் நுழைந்த ஊரையே எவ்வாறு மாற்றியமைக்கிறது, மாறிய அவ்வூர் பின்னர் அவ்வசதியின்றி இயங்க முடியாததாக எவ்வாறு ஆகிறது என்னும் வினா அவற்றில் எழுவது அரிது. இவ்வினாவிற்கு விடை காணும் முயற்சியாக, அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் மாநகரை இக்கட்டுரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

ஹூஸ்டனைத் தேர்ந்துகொண்டமைக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, அதன் வளர்ச்சி வேகம். 1836ஆம் ஆண்டில் ஆலன் உடன்பிறப்புகள் இருவரால் பஃபலோ பாயூ என்னும் மெல்லோடையின் கரையில் நிறுவப்பட்ட இவ்வூரில், 1900ஆம் ஆண்டில் 44,633 பேரே வாழ்ந்தனர். 1901இல் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டதும், 1914இல் ஆழ்கப்பல் கால்வாய் திறக்கப்பட்டதும், 1961இல் விண்வெளி ஆய்வு மையம் அமைய இந்நகர் தெரிவு செய்யப்பட்டதும் அதன் போக்கை மாற்றின. மக்கள்தொகை 1950இல் 596,163 ஆகவும், 2000இல் 1,953,631 ஆகவும், 2020இல் 2,304,580 ஆகவும் பெருகியது. இரண்டாவது காரணம், அதன் தட்பவெப்பம். வெப்பமும் ஈரப்பதமும் ஒருங்கே மிகுந்த ஹூஸ்டனின் கோடை, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வாழும் நமக்குப் புதியதன்று. ஆகவே, அந்நகரின் அனுபவம் நமக்கும் பொருந்தக்கூடிய சில உண்மைகளை உணர்த்தவல்லது.

குளிர்பதனமும் வீட்டின் அமைப்பும்

குளிர்பதனப் பொறி வருமுன் தென் அமெரிக்க மாநிலங்களின் வீடுகள் காற்றை நம்பியே கட்டப்பட்டன. உயர்ந்த கூரை, எதிரெதிரே அமைந்த சாளரங்கள், கதவுகளுக்கு மேல் திறந்து மூடும் காற்றுவழிகள், வீட்டின் முன்புறம் அகன்ற தாழ்வாரம் ஆகியன அவற்றின் பொதுக்கூறுகள். மாலை வேளையில் வீட்டின் உள்ளறைகள் வெப்பத்தால் தகிக்கும்போது குடும்பத்தினர் தாழ்வாரத்தில் வந்து அமர்வர். தெருவில் செல்வோருடன் உரையாடுவர். தமிழர் இல்லங்களின் திண்ணை ஆற்றிய பணியையே இத்தாழ்வாரமும் ஆற்றியது எனலாம். வெப்பத்திலிருந்து தப்புவதற்காக ஏற்பட்ட இடமே அண்டை அயலாரோடு உறவாடும் இடமாகவும் அமைந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

வில்லிஸ் கேரியர் 1902ஆம் ஆண்டில் வடிவமைத்த குளிர்பதன அமைப்பு, நியூயார்க் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துவதற்காகவே உருவானது. மனிதரின் சுகம் கருதி எழுந்ததன்று. பின்னர் அது திரையரங்குகளுக்கும் பெருங்கடைகளுக்கும் பரவி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் சாளரப் பொறியாக வீடுகளுக்குள் நுழைந்தது. வரலாற்றறிஞர் ரேமண்ட் ஆர்செனால்ட் 1984இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, குளிர்பதனம் அமெரிக்கத் தென்மாநிலங்களின் பண்பாட்டையே மாற்றியமைத்தது என்பதை விரிவாக நிறுவுகிறது. 1960ஆம் ஆண்டில் அம்மாநிலங்களின் வீடுகளுள் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவானவற்றிலேயே இவ்வசதி இருந்தது. 1980இல் ஏறத்தாழ முக்கால் பங்கு வீடுகள் அதனைப் பெற்றுவிட்டன.

இருபதே ஆண்டுகளில் நிகழ்ந்த இம்மாற்றத்தின் விளைவு வீட்டின் வடிவத்தில் வெளிப்பட்டது. குளிர்ந்த காற்று வீணாகாதிருக்கக் கூரை தாழ்ந்தது. சாளரங்கள் சிறுத்தன, பல, திறக்க இயலாதவாறு பொருத்தப்பட்டன. தாழ்வாரம் தேவையற்றதாகி மறைந்தது. அவ்விடத்தை மகிழுந்துக் கொட்டகை பிடித்துக்கொண்டது. இவ்வாறு கட்டப்பட்ட வீட்டில் குளிர்பதனம் விரும்பினால் பயன்படுத்தும் பொருளாக இருக்க முடியாது. அப்பொறி நின்றுவிட்டால், அதற்கு முந்திய தலைமுறையின் எளிய வீட்டைக் காட்டிலும் அது வாழ்வதற்குக் கடினமான இடமாகிவிடுகிறது.

ஒரு வசதி மற்றொன்றை ஈனும் என்பதற்கு 1965இல் திறக்கப்பட்ட ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கம் தக்க சான்றாகும். வெயிலும் கொசுவுமின்றி அடிபந்தாட்டத்தைக் கண்டு களிக்க, முழுவதும் கூரையிட்டுக் குளிரூட்டப்பட்ட அரங்கம் அது. ஒளிபுகும் கூரையின் கீழ் இயற்கைப் புல் வளர்க்கப்பட்டது. ஆயின், கூரைவழி வந்த ஒளி ஆட்டக்காரர்களின் கண்களைக் கூசச் செய்தமையால் கூரைத் தகடுகளுக்கு வண்ணம் பூசினர். ஒளி குறைந்ததும் புல் பட்டுப்போனது. அதனால் மறுவருடம் செயற்கைப் புல்தரை விரிக்கப்பட்டது. வெயிலைத் தவிர்க்கத் தொடங்கிய முயற்சி, புல்லையே தவிர்ப்பதில் சென்று முடிந்தது.

சாலையும் மகிழுந்தும்

ஹூஸ்டன் தொடக்கத்திலிருந்தே மகிழுந்து நகரமாக இருந்ததன்று. 1891இல் அங்கு மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. 1911இல் ஹூஸ்டனையும் கடற்கரை நகரான கால்வெஸ்டனையும் இணைக்கும் மின்சார இரயில் ஏற்பட்டது. அவ்விரயில் 1936இலும், நகரின் டிராம் சேவை 1940இலும் நிறுத்தப்பட்டன. 1948இல் முதற்பகுதி திறக்கப்பட்ட வளைகுடா விரைவு நெடுஞ்சாலை, கைவிடப்பட்ட அதே இரயில் தடத்தின் மீது அமைக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. பழைய வழி பயனற்றுப் போய் அருகில் கிடக்கவில்லை. புதிய வழி அதனை உட்கொண்டே எழுந்தது.

நில வகைப்பாட்டுச் சட்டம் இல்லாத பெருநகரம் என்னும் வகையில் ஹூஸ்டன் அமெரிக்காவில் தனித்துக் கூறப்படுவது. இன்ன பகுதியில் வீடு, இன்ன பகுதியில் கடை என வரையறுக்கும் திட்டத்தை அந்நகர வாக்காளர்கள் 1948, 1962, 1993 ஆகிய ஆண்டுகளில் மும்முறை நிராகரித்தனர். எனினும், கட்டுப்பாடே இல்லாத நகரம் என அதனைக் கருதுதல் பொருந்தாது. வாகன நிறுத்துமிடங்களை இத்தனை எண்ணிக்கையில் அமைத்தே ஆகவேண்டும் என்னும் விதி 1989இல் கடைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. கடைக்கும் தெருவுக்கும் இடையே நிறுத்துமிடம் விரிந்ததால் நடந்து செல்வோருக்குத் தொலைவு கூடியது. தொலைவு கூடியதால் மகிழுந்து மேலும் தேவைப்பட்டது. 2019இல் நகர மையத்தை ஒட்டிய இரு பகுதிகளில் இவ்விதி தளர்த்தப்பட்டமை, இச்சுழற்சியை நகர நிர்வாகமே உணரத் தொடங்கியதைக் காட்டுகிறது.

இன்று ஹூஸ்டனின் நிலப்பரப்பு ஏறத்தாழ 1,650 சதுர கிலோமீட்டர். அது சிங்கப்பூரைப் போல் இரு மடங்கிற்கும் மேலான பரப்பு. மக்கள்தொகையோ சிங்கப்பூரின் மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவு. இப்பரந்த வெளியில் வங்கி, மருந்துக்கடை, உணவகம் ஆகியன மகிழுந்தை விட்டு இறங்காமலேயே பயன்படுத்தத்தக்கவாறு அமைந்துள்ளன. மகிழுந்து வைத்திருப்போருக்கு இது பெரும் வசதி. முதுமையாலோ நோயாலோ வறுமையாலோ மகிழுந்து ஓட்ட இயலாதோருக்கு அதே அமைப்பு ஒரு தடையாகிவிடுகிறது.

கேட்டி விரைவு நெடுஞ்சாலையின் விரிவாக்கம் 2008இல் நிறைவுற்றபோது, பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 தடங்கள் வரை அமைந்தன. நெரிசல் சிறிது காலம் குறைந்தது. சாலை அகன்றதால் தொலைவில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. அவற்றில் குடியேறியோரின் வாகனங்களும் அதே சாலைக்கு வந்தன. சில ஆண்டுகளுக்குள் உச்ச நேர நெரிசல் மீண்டது. மற்றொரு புறம், 2004ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று 12 கிலோமீட்டர் நீளத்தில் இலகு இரயில் சேவை தொடங்கிப் பின்னர் நீட்டிக்கப்பட்டது. டிராம் நின்று 64 ஆண்டுகளுக்குப் பின் நகரம் தான் கைவிட்ட வசதியை மிகுந்த பொருட்செலவில் மீட்கத் தொடங்கியது எனலாம்.

நகர மையத்தின் நிலத்தடி நடைவழிகளும் இங்குக் கருதத்தக்கன. தெருமட்டத்திற்கு ஏறத்தாழ 6 மீட்டர் கீழே, 10 கிலோமீட்டர் அளவிற்கு நீளும் இவ்வழிகள் அலுவலகக் கட்டடங்களை இணைக்கின்றன. நண்பகலில் ஊழியர்கள் வெயில் படாமல் இங்கேயே உண்டு, பொருள் வாங்கித் திரும்புகின்றனர். இவற்றின் பெரும்பகுதி தனியார் உடைமை; மாலையிலும் வார இறுதியிலும் மூடப்படுவது வழக்கம். கீழே கூட்டம் பெருகியதால் மேலே தெருக்கள் வெறிச்சோடின. 2001ஆம் ஆண்டு சூன் மாதம் அலிசன் புயலின் வெள்ளம் இந்நடைவழிகளுக்குள் பாய்ந்தபோதுதான், தெருவின் கீழ் அமைந்த வசதிக்கும் தெருவின் நீருக்கும் உள்ள உறவு பலருக்கும் புலனாயிற்று.

கண்ணுக்குப் புலப்படாத அடித்தளம்

குழாயைத் திறந்தால் நீர் வருதல் அன்றாட வசதிகளுள் மிக எளியதாகத் தோன்றுவது. ஹூஸ்டன் வட்டாரம் நெடுங்காலம் தனது வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரையே பெரிதும் இறைத்தது. நீர் நீங்கிய களிமண் அடுக்குகள் இறுகி, நிலம் தாழ்ந்தது. 1970களின் இறுதிக்குள் சில இடங்களில் ஏறத்தாழ 3 மீட்டர் வரை நிலம் இறங்கியிருந்தது. கப்பல் கால்வாயை அடுத்த பேய்டவுனில் பிரவுன்வுட் என்னும் வளமான குடியிருப்புப் பகுதி படிப்படியாகக் கடல்மட்டத்தை நெருங்கி, 1983ஆம் ஆண்டு அலிசியா புயலுக்குப் பின் முற்றிலும் கைவிடப்பட்டது. இன்று அவ்விடம் ஓர் இயற்கைப் பூங்கா. 1975இல் நிலத்தாழ்வைத் தடுப்பதற்கெனத் தனி ஆணையம் அமைக்கப்பட்ட பின்னர், நகரம் ஆற்று நீருக்கும் ஏரி நீருக்கும் படிப்படியாக மாறியது.

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹார்வி புயல் சில நாள்களில் 1,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழையைப் பொழிந்தது. 1940களில் வெள்ளத் தடுப்பிற்காக அமைக்கப்பட்ட ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்கள் வழக்கமாக வறண்டு கிடப்பவை. அவற்றின் நீர் பரவக்கூடிய எல்லைக்குள்ளேயே பிற்காலத்தில் பல குடியிருப்புகள் எழுந்திருந்தன. நீர் தனக்குரிய இடத்திற்கு வந்தபோது ஆயிரக்கணக்கான வீடுகள் மூழ்கின.

மின்சாரத்தின் நிலை இதனினும் கடுமையானது. டெக்சஸின் பெரும்பகுதிக்குரிய மின்வலை நாட்டின் பிற மின்வலைகளோடு மிகக் குறைந்த இணைப்பையே உடையது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரிக் கடுங்குளிரில் அவ்வலை நிலைகுலைந்து, மாநிலம் முழுவதும் 45 இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளும் நிறுவனங்களும் மின்சாரத்தை இழந்தன. மாநிலத்தின் வீடுகளுள் பாதிக்கு மேற்பட்டவை மின்சாரத்தால் வெப்பமூட்டப்படுபவை. குளிரைத் தாங்க இயலாது, கொட்டகைக்குள் மகிழுந்தை இயக்கியும் வீட்டிற்குள் கரியடுப்பை மூட்டியும் கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவிற்கு இரையானோர் உளர். மாநிலச் சுகாதாரத் துறையின் கணக்குப்படி அக்கடுங்குளிரால் நேர்ந்த உயிரிழப்பு 246. 2024ஆம் ஆண்டு சூலையில் பெரில் புயலால் ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட இணைப்புகள் மின்சாரம் இழந்தபோது, அச்சம் குளிரினின்று வெப்பத்திற்கு மாறியது. காற்று நுழையாத வீடுகள் அடுப்பாயின. வெப்பத்தால் இறந்தோருள் முதியோர் இருந்தனர்.

தமிழர் வாழ்விடமும் இம்மாற்றமும்

இந்நகரமைப்பு தமிழரின் வழிபாட்டிடத்தையும் பாதித்தது. ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லாந்தில் அமைந்து 1982இல் குடமுழுக்குக் கண்ட மீனாட்சி கோயில், மதுரைக் கோயிலை நினைந்து எழுப்பப்பட்டது. மதுரையில் ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் கோயிலைச் சூழ்ந்து சதுரங்களாக விரிகின்றன. நகரமே கோயிலை நோக்கி நடந்து வருமாறு அமைந்தது. பேர்லாந்திலோ கோயிலைச் சூழ்ந்திருப்பது புறநகர்க் குடியிருப்பும் வாகன நிறுத்துமிடமும் ஆகும். பக்தர் தொலைவிலுள்ள பல்வேறு புறநகர்களிலிருந்து மகிழுந்தில் வந்து சேர்கின்றனர். சிதறி வாழும் குடும்பங்களை ஒன்றுகூட்டும் பெரும்பணியை அக்கோயில் ஆற்றுகிறது என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், ஓட்டுநர் உரிமம் இல்லாத பாட்டி ஒருவர் தாமாகவே கோயிலுக்குச் சென்று வருதல் என்பது, மதுரையில் இயல்பாகவும் அங்கு அரிதாகவும் இருப்பதை மறுப்பதற்கில்லை.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளைத் தொகுத்து நோக்கின், ஒரு வசதி மூன்று நிலைகளைக் கடப்பது தெளிவாகும். முதலில் அது விருப்பமாக நுழைகிறது. அடுத்து வழக்கமாகப் பரவுகிறது. இறுதியில், வீடும் தெருவும் சட்டமும் அதனை நம்பியே அமைக்கப்படும்போது கட்டாயமாக இறுகுகிறது. முதலிரு நிலைகளில் மக்களுக்குத் தெரிவு உண்டு. மூன்றாம் நிலையில் தெரிவு நீங்குகிறது. அதனை வாங்க இயலாதோரும், அது தடைப்படும் நாளில் எல்லோரும் துன்புறுகின்றனர். 'வசதி' என்னும் வடசொல்லுக்கு உறைவிடம் என்பதே மூலப்பொருள். சுகம் என்னும் பொருள் பின்னர் ஏறியது. இன்றைய நகரில் சுகமின்றி உறைவிடமே இல்லை என்னுமாறு அவ்விரு பொருள்களும் மீண்டும் ஒன்றாகிவிட்டன.

குளிர்பதனமின்றிச் சிங்கப்பூரின் வளர்ச்சி இல்லை என்னும் கருத்தை அதன் முதற்பிரதமர் லீ குவான் இயூ வெளிப்படையாகவே கூறியவர். அக்கருத்தின் உண்மையை நாம் மறுக்கவில்லை. நம் பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைவழியும், நாட்டுப்புற வீடுகளின் காற்றோட்டமும் இன்னும் சில இடங்களில் எஞ்சியுள்ளன. வசதியைத் துறக்காமலேயே, அது தடைப்படும் நாளில் திரும்பிச் செல்வதற்குரிய வழியை விட்டுவைத்தல் இயலும் என்பதற்கு அவை சான்று. வகுப்பறையில் அடுத்த முறை இத்தலைப்பைக் கொடுக்கும் ஆசிரியர்கள், ஒரு வசதியின் நன்மை தீமைகளைக் கேட்பதோடு நில்லாது, அது நின்றுபோனால் உங்கள் வீட்டில் யார் முதலில் துன்புறுவர் என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்பாராயின், மாணவர்தம் கட்டுரைகள் அவர்தம் வாழ்க்கையோடு நெருங்கிய உறவு கொள்ளும் என்பது நம் துணிபு.