கவிழாத படகு உண்டா?

இருவர் மீன் பிடிக்கும் கயாக்கின் கதை

"இது கவிழவே கவிழாது!" என்று படகு விற்பவர் சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். சுலபத்தில் கவிழாத படகு உண்டு. கவிழவே கவிழாத படகு இன்னும் பிறக்கவில்லை. அதிலும் ஒரு விசித்திரம் பாருங்கள்: கவிழ மிகவும் பிடிவாதம் பிடிக்கும் படகுதான், கவிழ்ந்த பிறகு நிமிரவும் பிடிவாதம் பிடிக்கிறது!

கயாக் என்பது வடதுருவப் பனிப் பிரதேசத்து இனூயிட் வேடர்களின் படகு. மரச் சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்திருப்பார்கள். இடுப்பு நுழையும் அளவுக்கு ஒரு வாய், அவ்வளவு ஒடுக்கம். வேடன் தன் தோல் சட்டையின் விளிம்பை அந்த வாயோடு இறுகக் கட்டிக்கொள்வான். படகு தலைகீழானால் உள்ளிருந்தபடியே துடுப்பை ஒரு வீச்சு வீசி மறுபடி மேலே வந்துவிடுவான்.

கிரீன்லாந்துக்காரர்களிடம் இந்த வித்தையைக் கற்றவர் ஜினோ வாட்கின்ஸ் என்ற ஆங்கிலேயர். துருவ ஆராய்ச்சிக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர். 1932 ஆகஸ்டு 20-ந் தேதி கயாக்கில் தனியாகக் கடல்நாய் வேட்டைக்குப் போனார். பிறகு படகுதான் கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 25. வித்தை தெரிந்தவரையே விழுங்கிய நீர் அது!

இன்றைய அகலப் படகு

அலாஸ்காவை அடுத்த தீவுகளில் வாழும் அலியூட் மக்கள் இரண்டு வாய் வைத்த படகு கட்டினார்கள். முன்னால் இருப்பவன் ஈட்டி எறிய, பின்னால் இருப்பவன் படகு ஆடாமல் பார்த்துக்கொள்வான். இருவர் படகின் இரகசியமே இந்த வேலைப் பங்கீடுதான்.

இன்று இருவர் மீன் பிடிக்கப் போகும் கயாக் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளே நுழையாமல் மேலேயே உட்காரும் வகை. 1970-களில் கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரையில் டிம் நீமியர் என்பவர் இவ்வகைப் படகைப் பரப்பினார். தட்டில் விழும் தண்ணீர் துளைகள் வழியே தானே வடிந்துவிடும். நம் கட்டுமரக்காரர்களுக்கு இந்த யோசனை புதிதல்ல. ஆனால் ஒரு வித்தியாசம்: கட்டுமரம் கெட்டி மரம், கயாக்கின் வயிறோ காலி. இதை நினைவில் வையுங்கள்.

அகலம் செய்யும் மாயம்

படகு ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் அதிகமாக நீரில் அமிழும். அமிழ்ந்த பக்கத்தை நீர் மேலே தள்ளும், படகு நிமிரும். அகலம் கூடக் கூட இந்தத் தள்ளும் பலம் மளமளவென்று ஏறுகிறது. 30 அங்குல அகலத்தை 36 ஆக்கினால் கூடுவது ஐந்தில் ஒரு பங்கு அகலம்தான்; அதனால் கிடைக்கும் பலமோ ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு!

பின் ஏன் கவிழ்கிறது? பாரம் உயர உயர இந்தப் பலம் வீணாகிறது. ஒருவர் எழுந்து நின்று தூண்டில் வீசுகிறார். பெரிய மீன் மாட்டுகிறது. பார்க்கும் ஆவலில் இருவரும் ஒரே பக்கம் குனிகிறார்கள். அகலப் படகு ஓர் எல்லை வரை அசையாமல் நிற்கும். எல்லை தாண்டினால் எச்சரிக்கையின்றிப் புரட்டிவிடும். நீரோட்டத்தில் நங்கூரக் கயிற்றைப் படகின் நடுப்பக்கத்தில் கட்டுவதும் இதே வினைதான். முனையில் அல்லது பின்புறத்தில் கட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமான எதிரி, சரியாக மூடாத மூடி. அதன் வழியே காலி வயிற்றில் தண்ணீர் புகுந்தால், படகு சாயும் பக்கமெல்லாம் அந்தத் தண்ணீரும் ஓடும். சாய்வை இன்னும் கூட்டும்.

கவிழ்ந்துவிட்டதா?

முதலில் படகைப் பிடியுங்கள். மிதந்து போகும் பெட்டியைத் துரத்தாதீர்கள். கூட்டாளியைப் பெயர் சொல்லி அழையுங்கள். தூண்டில் நரம்பும் முள்ளும் யாரையும் சுற்றவில்லையே என்று பாருங்கள்.

பெரிய இருவர் கயாக்குகளில் 17 அடி நீளமும், சாமான்களோடு 100 கிலோவுக்கு மேல் எடையும் உள்ளவை உண்டு. இதைக் கையால் தூக்கிப் புரட்ட முடியாது. மறுபக்கக் கைப்பிடியில் கட்டிய கயிற்றை அடிப்பாகத்தின் மேலாக இழுத்து, இருவரும் ஒரே பக்கத்தில் நின்று, முழங்காலை விளிம்பில் ஊன்றிப் பின்னால் சாய வேண்டும். உடல் எடைதான் வேலை செய்யும். படகு உங்கள் பக்கமே புரளும்; தலை ஜாக்கிரதை!

அடுத்து ஏறுவது. ஒருவர் எதிர்ப் பக்கத்தைப் பிடித்துத் தொங்க, மற்றவர் காலை நீர்மட்டத்துக்கு உதைத்து எழுப்பி, வயிற்றால் படகின் குறுக்கே வழுக்கி ஏறவேண்டும். பிறகு புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே எடுக்கவேண்டும். ஏறியவர் தாழ்வாக அமர்ந்து எதிர்ப் பக்கம் சாய்ந்துகொள்ள, இரண்டாமவர் ஏறலாம்.

குளிர்ந்த நீரானால் காலம் மிகக் குறைவு. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிஷம். கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிஷம். குளிரால் நினைவு தப்புவதற்குள் சுமார் 1 மணி நேரம். மிதவைச் சட்டை அணியாதவருக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. சட்டை படகில் இருந்தால் போதாது. உடம்பில் இருக்க வேண்டும்.

முதல் பாடம்

ஆகவே புதுப் படகு வாங்கியதும் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டு, கரையோரத்தில், ஆழமில்லாத வெதுவெதுப்பான நீரில் இருவருமாக அதைக் கவிழ்த்துப் பாருங்கள். நிமிர்த்துங்கள், ஏறுங்கள். முன்னால் இருந்தவர் பின்னாலும் பின்னால் இருந்தவர் முன்னாலும் மாறி உட்கார்ந்து இன்னொரு முறை செய்யுங்கள். முடியவில்லையா? அந்தப் படகு உங்களுக்குப் பெரிது என்று அர்த்தம். அதைக் கரையருகே தெரிந்துகொள்வதற்குச் செலவு, நனைந்த துணி மட்டுமே. வெள்ளம் வருமுன்னே அணை போடச் சொன்ன நம் பெரியவர்கள் கயாக்கைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்!