மஞ்சள் வரித் தவளையைக் காப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவின் கொசியஸ்கோ தேசியப் பூங்காவில், மலையுச்சிச் சதுப்புகளில் மட்டும் வாழ்கிறது தெற்குக் கொரோபரி தவளை. மூன்று செ.மீ.க்குள் அடங்கும் கறுப்பு உடலில் மஞ்சள் வரிகள். தன்னைத் தின்ன வருபவற்றுக்கு எதிராகத் தோலில் தானே நஞ்சு தயாரித்துக்கொள்ளும். அந்த நஞ்சு, தவளைகளின் தோலைத் தாக்கி நோய் தரும் கைட்ரிட் என்ற பூஞ்சையிடம் பலிக்கவில்லை.

தவளை நீரையும் உப்பையும் தோல் வழியாகத்தான் எடுக்கிறது. பூஞ்சை தோலைக் கெடுத்ததும் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் குறைந்து இதயம் நின்றுவிடும். இந்த நோயால் உலகில் 500க்கும் மேற்பட்ட நீர்நிலவாழ் இனங்கள் சரிந்தன, அவற்றில் 90 அழிந்திருக்கலாம் என்கிறது 2019ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று. கொரோபரியில் காட்டில் எஞ்சியவை ஐம்பதுக்கும் குறைவு என்பது கணிப்பு.

விலங்குக் காட்சியகத்தில் குஞ்சு பொரித்துக் காட்டில் விட்டால் போதாதா? போதாது. நோயைச் சுமந்தும் சாகாத இன்னொரு சிறு தவளை இனம் அதே சதுப்பில் திரிகிறது. விடப்பட்டவற்றுக்கு மறுபடி தொற்றும். அதனால் அந்த இனம் நுழைய முடியாத வேலியடைப்புகளில் கொரோபரியை வளர்க்கிறார்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது மரபணுச் சிக்கல். சில பெற்றோரின் வாரிசுகளே பெருகினால் எண்ணிக்கை கூடும், நோய் எதிர்ப்பு மரபணுக்களின் வகைகள் குறையும். ஒன்றைக் கொல்லும் பூஞ்சை எல்லாவற்றையும் கொல்லும். ஆகவே யாரை யாரோடு சேர்ப்பது என்று காட்சியகங்கள் வம்சாவளிப் பதிவேடு பார்த்தே இணை சேர்க்கின்றன. 2024இல் இத்தவளையின் முழு மரபணுத்தொகுதியும் வாசிக்கப்பட்டது. அது மனிதனுடையதைப்போல் மூன்று மடங்கு பெரியது! எதிர்ப்பாற்றல் தரும் மரபணுக்களைத் தேட இனி வழியுண்டு.

சட்டம் என்ன செய்கிறது? கொரோபரி மிக அருகிய இனமாகப் பாதுகாக்கப்படுகிறது. அதே மலையில் சதுப்பை மிதித்து நாசமாக்கும் காட்டுக் குதிரைகளைப் பாரம்பரியமென்று காக்க 2018இல் நியூ சவுத் வேல்ஸ் தனிச் சட்டம் இயற்றியது. பிறகு, 2023இல், அவற்றை ஹெலிகாப்டரிலிருந்து சுட அனுமதித்தது. இந்தத் தடுமாற்றத்துக்குத் தவளை எப்படிப் பொறுப்பாகும்?

இந்தப் பூஞ்சை மனிதருக்குத் தொற்றாது. மனிதரின் ஈரக் காலணியில் பயணம் செய்யும். மலையேறுவோர் காலணியின் சேற்றைக் கழுவி, கிருமிநீக்கி தெளித்து, நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த ஓடைக்குப் போகவேண்டும். தவளையையோ தலைப்பிரட்டையையோ ஓர் இடத்தில் பிடித்து இன்னோர் இடத்தில் விடவே கூடாது.