ஐயாற்றங்கரையில் நடந்து பாருங்கள்

தஞ்சையினின்று வடக்கே ஏறக்குறைய எட்டு மைல் தூரத்தில் உள்ளது திருவையாறு. இத்தூரத்தை மோட்டாரில் கடப்போர் ஊரைக் காண்பர். நடந்து செல்வோர் ஊரின் பெயருக்குப் பொருளையும் காண்பர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி ஆகிய நான்கையும் தாண்டிய பின்னரே காவிரிப் பாலம் எதிர்ப்படும். ஐந்து ஆறுகளையும் கால்களே எண்ணிவிடுகின்றன.

பாலத்திற்கு அப்பால் ஐயாறப்பர் ஆலயம். மூவர் பாடிய தலம். அப்பர் கயிலைக் காட்சி கண்ட இடம் என்று ஆடி அமாவாசையன்று ஜனங்கள் திரளாகக் கூடுகின்றனர். இவ்வாலயத்திலுள்ள வடகைலாயத்தை எழுப்பியவர் முதலாம் இராஜராஜனின் தேவியாகிய உலோகமாதேவியார். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய மன்னனை உலகம் அறியும். தேவியின் திருப்பணியை அறிந்தவர் எத்தனை பேர்?

கோயிலை விட்டுப் புஷ்ய மண்டபப் படித்துறைக்கு வந்து, கரையோடு நடந்தால் ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் சமாதியை அடையலாம். 1847 ஜனவரி 6-ல் சுவாமிகள் மறைந்தார். காலப்போக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்த அவ்விடத்திற்கு 1920-களில் ஆலயம் அமைத்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தாம் பாடிச் சேர்த்த பொருளை அதற்கே செலவிட்டார். ஆயினும் உற்சவம் நடத்திய ஆடவர், பெண்கள் அங்கே பாடுவதற்கு இடங்கொடுக்கவில்லை. அம்மையார் மனந்தளர்ந்தாரில்லை, பெண் கலைஞர்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டியே பிரிந்து நின்ற கட்சிகள் ஒன்றாயின. 1952-ல் காலஞ்சென்ற அம்மையாரின் சமாதியும் சுவாமிகளின் சந்நிதிக்கு எதிரிலேயே அமைந்திருக்கிறது. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை இன்று ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே பாடுகின்றனர். அந்த உரிமை எளிதில் வந்ததன்று என்பதைப் பாடுவோரும் கேட்போரும் மறத்தலாகாது.

இதே கரையில் அரசர் கல்லூரியும் இருக்கிறது. வடமொழிக்கென நடைபெற்ற இக்கலாசாலையில், சர் ஏ. டி. பன்னீர்செல்வம் தஞ்சை ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த காலத்தில் தமிழும் பாடமாயிற்று. கோயிலிற் போலவே கல்வியிலும், அடைபட்ட கதவைத் தட்டித் திறக்க ஒருவர் வேண்டியிருந்தது.

சித்திரையில் நடைபெறும் ஏழூர்த் திருவிழாவில் ஐயாறப்பரின் பல்லக்கு திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம் ஆகிய ஊர்களுக்குச் சென்று திரும்புகிறது. பல்லக்கின் பின்னே ஜனங்களும் ஆற்று மணலில் நடக்கின்றனர். கரையையும் கலையையும் நூற்றாண்டுகளாக இணைத்து வைத்திருப்பது அந்த நடையே.

ஆராதனை நாட்களில் மட்டும் இக்கரையை நினைத்து, ஏனைய நாட்களில் ஆற்றையும் படித்துறையையும் கைவிடுவது நன்றியுள்ளோர் செயலாகாது. அன்று ஓர் அம்மையார் தனியே நின்று செய்த கைங்கரியத்தை இன்று ஊரார் அனைவரும் கூடிச் செய்தல் அரிதோ? அன்பர்களே, ஒரு முறையேனும் அங்கே நடந்து சென்று பாருங்கள். செய்ய வேண்டுவது இன்னதென்று கரையே சொல்லும்.