சனி மாலை நான்கு மணி

சனிக்கிழமை மாலை நான்கு மணியானால் இன்றும் என் செவியில் ஒரு மணியோசை கேட்கின்றது. அது கோயில் மணியன்று, பாடசாலை மணியுமன்று. கிழக்கு இலண்டனிலே, ஒரு விதவை மூதாட்டியின் வீட்டு முன்னறையில், தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து ஒலித்த மற்போர் மேடையின் மணி அது.

1975 முதல் 1978 வரை, மேற்படிப்பின் பொருட்டு, அவ்வீட்டின் மாடியறையில் நான் குடியிருந்தேன். அம்மூதாட்டி அதிர்ந்து பேசி அறியாதவர். ஆயின், சனிக்கிழமை நான்கு மணிக்கு மட்டும் அவர் வேறொருவராகிவிடுவார். மடியிலே கம்பளி நூலும் கையிலே பின்னலூசியுமாக அமர்ந்து, திரையிலே தோன்றும் கொடியவனை நோக்கி வசைமாரி பொழிவார். சில வேளைகளில் அப்பின்னலூசி ஈட்டியாகவும் உயரும்.

ஐ.ரி.வி. என்னும் வர்த்தகத் தொலைக்காட்சி, 1955ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், வெஸ்ற் ஹாம் நீச்சற்குள மண்டபத்திலிருந்து தனது முதலாவது மற்போரை ஒளிபரப்பிற்று. 1965 முதல் ‘வேர்ல்ட் ஒவ் ஸ்போர்ட்’ என்னும் சனிக்கிழமை நிகழ்ச்சியிலே அதற்கு நிலையான இடம் கிடைத்தது. நான்கு மணிக்குத் தொடங்கினால், காற்பந்தாட்ட முடிவுகளை அறிவிக்கும் வரை நடைபெறும். அத்தனை ஆண்டுகளும் கென்ற் வோல்ரன் என்பாரின் குரலே அதற்கு வருணனை வழங்கியது.

சுற்றொன்றுக்கு ஐந்து நிமிடம். எதிரியின் இரு தோள்களும் மேடையிற் படிய மூன்று எண்ணும்வரை அழுத்தினால் ஒரு வீழ்ச்சி. அவ்வாறு இரண்டு வீழ்ச்சிகளை முதலிற் பெறுபவர் வென்றவர். விதியை மீறினால் இருமுறை பகிரங்க எச்சரிக்கை. மூன்றாம் முறை வெளியேற்றம். இவ்விதிகள் யாவும் மீறப்படுவதற்கென்றே வகுக்கப்பட்டனவோ என்று எண்ணத் தோன்றும். மிக் மக்மனஸ் என்றொருவர் இருந்தார். குள்ளமான உருவம், மைபோற் கறுத்த தலைமயிர். நடுவர் மறுபுறம் திரும்பும் கணத்தில் அவர் செய்யும் வஞ்சகத்தை நாடே பார்க்கும். நடுவர் ஒருவர் மட்டும் பார்க்கமாட்டார். மண்டபத்திலிருக்கும் பாட்டிமார் எழுந்து வந்து கைப்பையாலும் குடையாலும் வஞ்சகரை அடிப்பதும் உண்டு.

படித்தவன் என்ற செருக்கு எனக்கு அப்போது மிகுதி. ஒருநாள் நான் வாளாவிருக்கமாட்டாது, “அம்மா, இவை யாவும் பொய். யார் வெல்வது, யார் தோற்பது என்பது முன்னரே பேசிவைத்த ஒப்பந்தம். தூக்கி எறியப்படுபவன் தானே துள்ளி உதவுகின்றான், பாருங்கள்” என்று விளக்கினேன்.

அவர் பின்னலூசியைக் கீழே வைத்தார்.

“பிள்ளாய், என் கணவர் இருந்த காலத்திலே வெஸ்ற் ஹாம் மண்டபத்தில் முன்வரிசையிலிருந்து பார்த்தவள் நான். அவர்கள் விழும்போது பலகை அதிர்வது என் காலில் தெரியும். ஒப்பந்தம் இருக்கலாம், அந்தப் பலகைக்கு ஒப்பந்தம் இல்லை. உங்கள் ஊரிலே நாடகம் பார்த்து எவரும் அழுவதில்லையா?”

நான் வாயடைத்துப் போனேன். அரிச்சந்திர மயான காண்டம் பார்த்துவிட்டு, விடியற்புறத்திலே விம்மியபடி வீடு திரும்பிய என் பாட்டியின் முகம் கண்முன் வந்தது. இறந்து கிடந்த லோகிதாசன் அடுத்த தெருப் பையன் என்பது அவர் அறியாததா? அறிந்தேதான் அழுதார்.

பல ஆண்டுகள் கழித்து, பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட ‘மிதோலொஜீஸ்’ என்னும் நூலைப் படிக்க நேர்ந்தது. அதன் முதற் கட்டுரையே மற்போரைப் பற்றியது. அது விளையாட்டன்று, காட்சி என்றும், ஆங்கே மக்கள் காண விழைவது துன்பமும் தோல்வியும் நீதியும் வடிவெடுத்து நிற்பதையே என்றும் அவர் நிறுவியிருந்தார். படித்தபோது எனக்கு வியப்பு எழவில்லை. அப்பாடத்தை நான் முன்னரே ஒரு பின்னலூசிக்காரியிடம் கேட்டிருந்தேன்.

1977இல், கென்டோ நாகசாகி என்னும் முகமூடி வீரர், வூல்வர்ஹம்ரன் நகர மண்டபத்திலே தாமாகவே முகமூடியைக் களைந்தார். உச்சியிலே பச்சை குத்திய மொட்டைத் தலையொன்று வெளிப்பட்டது. நான் ஆவலோடு பார்த்தேன். மூதாட்டியோ பெருமூச்செறிந்து, “பாவம், சாதாரண மனிதனாகிவிட்டான்” என்றார். உண்மையை அறிவது எப்பொழுதும் ஆதாயமாகாது என்பதை அன்று உணர்ந்தேன்.

அக்காலத்திலேதான் பிக் டாடியின் கொடி பறக்கத் தொடங்கிற்று. ஹலிபக்ஸ் நகரிலே 1930இற் பிறந்த அவருடைய இயற்பெயர் ஷேர்லி கிறப்ரீ. பெண்பிள்ளைகளுக்கு வழங்கும் பெயர். முன்னர் கொடியவராக நின்றவர், பின்னர் சிறுவர்களின் தெய்வமானார். மின்னும் ஆடையும் உயர்ந்த தொப்பியுமாக அவர் நடந்துவர, மண்டபம் முழங்கும். வீழ்ந்து கிடக்கும் எதிரியின்மீது தமது பேருடலைச் சரித்து விழுவதே அவருடைய இறுதி ஆயுதம். 1981இல் வெம்பிளியிலே ஜயன்ற் ஹேஸ்ராக்ஸ் என்னும் மலையனையாரை மூன்று நிமிடத்துக்குள் வென்றார். நுணுக்கம் குறைந்து பருமன் பெருகியதென்று பழைய இரசிகர் குறைப்பட்டனர். அக்குறையில் நியாயமும் இருந்தது.

1987 ஓகஸ்ற் மாதம், கிறேற் யார்மத் நகரின் சர்க்கஸ் மண்டபத்தில், கொடியவர் பாத்திரம் தாங்கும் மல் கேர்க் என்பவரோடு டாடி பொருதினார். வழமைபோற் சரிந்து விழுந்தார். வழமைபோல மூன்று எண்ணப்பட்டது. கேர்க் எழவில்லை. பார்த்தவர்கள் அதனையும் நடிப்பென்றே எண்ணியிருப்பர். அவரது இதயத்தில் முன்னரே கடும் நோய் இருந்ததென விசாரணையிற் கண்டு, டாடிமீது பழியில்லையென்று தீர்த்தனர். எனினும் அந்நிகழ்ச்சி அவரை நெடுநாள் வருத்திற்று.

அச்செய்தியைப் பத்திரிகையில் வாசித்தபோது நான் தாய்நாட்டில் ஆசிரியனாக இருந்தேன். “அந்தப் பலகைக்கு ஒப்பந்தம் இல்லை” என்ற குரல் நெஞ்சிலே அறைந்தது. ஒரு கடிதம் எழுதி, “அம்மா, நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்” என்று ஒப்புக்கொள்ள விரும்பினேன். எழுதுவதற்கு அவர் உயிரோடில்லை.

1988 டிசம்பரோடு ஐ.ரி.வி. மற்போரை நிறுத்திற்று. முப்பத்துமூன்று ஆண்டுப் பழக்கம் ஒரு மாலையில் முடிந்தது.

மாணவர்கள் சிலர் வகுப்பிலே என்னிடம், “கதைதானே ஐயா, நடக்காத ஒன்றுக்கு ஏன் மனம் நோக வேண்டும்?” என்று கேட்பதுண்டு. நான் உடனே விடை கூறுவதில்லை. வீழ்பவனின் முதுகு பலகையில் மோதும் ஓசை அவர்களுக்கும் என்றேனும் கேட்கட்டும் என்று காத்திருப்பேன்.