வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர்: "ஆல் இன் ஒன்" வாங்கலாமா?

திண்டுக்கல்லுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பூட்டு. 2019-ஆம் ஆண்டில் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பூட்டு வாங்கத் தெரிந்தவர்கள் மேலே இருக்கும் பளபளப்பைப் பார்த்து மயங்குவதில்லை. உள்ளே எத்தனை லீவர் என்று கேட்பார்கள். சாவியைப் போட்டு நாலு தடவை திருப்பிப் பார்ப்பார்கள்.

கம்ப்யூட்டர் வாங்கும்போதும் அந்தப் புத்திதான் வேண்டும்!

அதிலும் "ஆல் இன் ஒன்" கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

அது என்ன?

வழக்கமான கம்ப்யூட்டரில் திரை தனி, பெட்டி தனி. இரண்டையும் ஒயர்கள் இணைக்கும்.

"ஆல் இன் ஒன்" கம்ப்யூட்டரில் தனிப் பெட்டியே கிடையாது. எல்லாக் கருவிகளும் திரையின் முதுகிலேயே அடங்கிவிடும். ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும். பெரும்பாலானவற்றில் கேமராவும் உண்டு.

இது புதிய யோசனை அல்ல. ஆப்பிள் கம்பெனி 1984-ல் கொண்டு வந்த "மேக்கின்டாஷ்" இந்த வகைதான்.

1998 ஆகஸ்டு 15-ந் தேதி அதே கம்பெனியின் "ஐமேக்" விற்பனைக்கு வந்தது. விலை 1,299 டாலர். அதன் நினைவகம் 32 எம்.பி.

இன்று சாதாரணக் குடும்பம் வாங்கும் கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. நினைவகம் இருக்கிறது. அதாவது, 256 மடங்கு!

இப்பொழுது எச்.பி., டெல், லெனோவோ, ஏசர், ஆசஸ் ஆகிய கம்பெனிகளும் இந்த வகையை விற்கின்றன.

என்ன லாபம்?

முதல் லாபம், இடம்.

சின்னாளப்பட்டி சேலைக் கடையை நினைத்துப் பாருங்கள். சேலையை விரித்துக் காட்டவே இடம் போதாது. கல்லா மேஜையில் பெட்டிக்கு இடம் ஏது? அங்கே இந்தக் கம்ப்யூட்டர் சவுகரியம்.

இரண்டாவது லாபம், பெரிய திரை. லேப்டாப்பின் திரை பெரும்பாலும் 14 அங்குலம் அல்லது 15 அங்குலம். இதில் 22 முதல் 27 அங்குலம் வரை கிடைக்கிறது. கணக்கு எழுதுகிறவருக்கும், பாடம் படிக்கிற பிள்ளைக்கும் கண் வலி குறையும்.

மூன்றாவது லாபம், மின்சாரச் சிக்கனம். 60 வாட் இழுக்கும் கம்ப்யூட்டர் ஒன்றைத் தினம் 5 மணி நேரம் ஓட்டினால், 30 நாளைக்கு 9 யூனிட்தான் ஆகும். பழைய ரகக் கூரை மின்விசிறியே சுமார் 75 வாட் இழுக்கிறது!

என்ன நஷ்டம்?

இங்கேதான் கவனம் வேண்டும்.

வழக்கமான கம்ப்யூட்டரில் திரை கெட்டால், வேறு திரையை மாட்டி வேலையைத் தொடரலாம். பெட்டி கெட்டால், பெட்டியை மட்டும் கடைக்குத் தூக்கிப் போகலாம்.

"ஆல் இன் ஒன்" அப்படி அல்ல. எது கெட்டாலும் முழுக் கம்ப்யூட்டரும் ரிப்பேருக்குப் போக வேண்டும். அது திரும்பி வரும்வரை கடையில் பில் நிற்கும். வீட்டில் படிப்பு நிற்கும்.

ஏழெட்டு வருஷம் கழித்து உள்ளே இருப்பது பழசாகிவிடும். திரை நன்றாகவே இருக்கும். ஆனால் பல மாடல்களில் அதைத் தனியே பயன்படுத்த வழி இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் கழிக்க வேண்டும்.

மற்றொரு குறை: லேப்டாப்பில் பாட்டரி உண்டு, சாதாரணமாக இதில் கிடையாது. கரண்டு போனால் அந்த நிமிஷமே அணைந்துவிடும். பாதி எழுதிய கணக்கு போய்விடும்.

ஆகவே, இதை வாங்குகிறவர்கள் யூ.பி.எஸ். வாங்கவும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டும்.

வெயிலும் பஞ்சும்

திண்டுக்கல் சமவெளியின் சித்திரை வெயில் எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டருக்கும் அது ஆகாது.

மெல்லிய உடம்புக்குள் எல்லாவற்றையும் அடைத்திருப்பதால், சூடு வெளியேற வழி குறைவு. சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள். ஜன்னல் வெயில் படக் கூடாது.

நூல் மில் பக்கம் இருப்பவர்கள் காற்றுத் துளைகளில் பஞ்சு அடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

கடையில் என்ன கேட்பது?

"நினைவகம் எவ்வளவு?" 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது. பிறகு கூட்டிக்கொள்ள இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

"சேமிப்பு எதில்?" எஸ்.எஸ்.டி. என்று பதில் வர வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் மட்டும் உள்ளது என்றால் வேண்டாம். அது மெதுவாக ஓடும்.

"பிராசசர் எது?" கோர் ஐ3, ரைசன் 3 வகைகள் வீட்டுக்கும் கடைக்கும் தாராளம். செலரான் போன்றவை விலை மலிவு. கடிதம் எழுதவும் பாடம் பார்க்கவும் போதும். பல வேலைகளை ஒன்றாகச் செய்தால் திணறும்.

"விண்டோஸ் எது?" இது முக்கியம்! விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரை மலிவாகத் தருகிறோம் என்றால், அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஓடுமா என்று கேட்டு வாங்குங்கள்.

படிப்புக்கு மட்டும் என்றால், காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸும் போதும். ஆனால் "டாலி"யில் கணக்கு எழுதும் கடைக்காரர்களுக்கு விண்டோஸ்தான் வசதி.

தமிழில் எழுத முடியுமா? முடியும். தமிழக அரசு 1999-ல் ஏற்ற "தமிழ் 99" விசைப்பலகை விண்டோஸ் 11-லேயே இருக்கிறது. அதற்குத் தனிக் காசு கிடையாது.

மதுரைக்குப் போக வேண்டுமா?

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி இதுதான்: ரிப்பேர் வந்தால் ஆள் வீட்டுக்கு வருவாரா? அல்லது, நாம் அதைத் தூக்கிக்கொண்டு சுமார் 65 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்குப் போக வேண்டுமா?

வாரண்டி எத்தனை வருஷம் என்பதோடு இதையும் கேளுங்கள். வாய்ப்பேச்சு போதாது. வாரண்டி அட்டையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். கம்ப்யூட்டருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 40,000 ரூபாய் மதிப்புள்ள பொருளுக்கு வரி 7,200 ரூபாய். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரி, தொழிலுக்காக வாங்கினால் விதிகளின்படி இந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். அதற்கும் பில்தான் ஆதாரம்.

யார் வாங்கலாம்?

ஒரே இடத்தில் வைத்து, கணக்கு, கடிதம், பாடம், படம் என்று பயன்படுத்துகிற குடும்பம் வாங்கலாம். இடம் குறைந்த சிறு கடை வாங்கலாம்.

விடுதியில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கு இது வேண்டாம். லேப்டாப் வாங்கிக் கொடுங்கள்.

ஒரு நாள் கம்ப்யூட்டர் நின்றாலும் வியாபாரம் நிற்கும் என்கிற காய்கறி மண்டிக்கும் இது வேண்டாம். திரை தனி, பெட்டி தனியாக உள்ளதே அங்கே நல்லது.

பல மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்குகிறீர்கள். கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளி இருக்கிறதா, ஸ்பீக்கரும் கேமராவும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள்.

அவசரப்படாமல் அரை மணி நேரம் பார்த்து வாங்கினால், பல வருஷம் நிம்மதி!