மரபியல் பாடமும் செவிப் பயிற்சியும்

அயல்நாட்டுப் படிப்பை விரும்பும் மாணவர் எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலப் பரீட்சையில், கேட்டல் பகுதிக்கு நான்கு பிரிவுகளும் 40 வினாக்களும் உண்டு. ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஒலிக்கும். நான்காம் பிரிவு, ஒருவரே இடைவிடாது நிகழ்த்தும் கல்வித்துறைச் சொற்பொழிவு. அதற்குப் பயிற்சியாக எந்த விஷயத்தைக் கேட்பது என்று என்னை வினவினால், மரபியலையே சொல்வேன். சரித்திரப் பிரசங்கத்தில் ஒரு வாக்கியம் தவறினாலும் அடுத்த சம்பவத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். பரம்பரைக் குணங்களைப் பற்றிய பாடத்திலோ ஒவ்வொரு வாக்கியமும் முந்தியதன்மேல் நிற்பதால், ஓரிடத்தில் செவி தளர்ந்தவன் பிறகு வருவன யாவற்றையும் இழந்துவிடுகிறான்.

1865ஆம் வருஷம் பிப்ரவரி 8, மார்ச் 8 ஆகிய தேதிகளில், இன்று செக் நாட்டைச் சேர்ந்த ப்ரூன் நகரத்து இயற்கை விஞ்ஞானச் சங்கத்தில், கிரிகோர் மெண்டல் என்னும் துறவி, பரம்பரைக் குணங்களைப் பற்றித் தாம் செய்த பட்டாணிச் செடிப் பரிசோதனைகளை எடுத்துரைத்தார். கேட்டிருந்தோர் பாமரரல்லர்; ஆயினும், மூன்று ஐரோப்பிய விஞ்ஞானிகள் 1900இல் அவ்வுண்மைகளை மீண்டும் எடுத்துக்காட்டும் வரையில் அவற்றின் பெருமை உலகுக்குப் புலனாகவில்லை.

அப்பாடத்தையே செவிக்குக் கொடுத்துப் பாருங்கள். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தபோது பிறந்த விதைகள் யாவும் உருண்டையாக இருந்தன. அவற்றிலிருந்து வளர்ந்த செடிகளைத் தம்முள் தாமே கருவுற விட்டபோது 5,474 உருண்டை விதைகளும் 1,850 சுருங்கிய விதைகளும் கிடைத்தன. எண்களை ஓடியோடி எழுதிக்கொள்பவன், சுருக்கம் முதல் சந்ததியில் அழியவில்லை, மறைந்தே இருந்தது என்ற தாத்பரியத்தைக் கோட்டைவிடுகிறான். அடுத்த படி இன்னும் கடினம்: அந்த உருண்டை விதைகளிலிருந்து வளர்த்த 565 செடிகளில் 193 மட்டுமே உருண்டை விதைகளையே தந்தன; எஞ்சிய 372 இரு வகையையும் தந்தன. தோற்றத்தில் ஒன்றாக இருப்பவை உள்ளியல்பில் இரண்டாக இருக்கின்றன என்பதை இங்கே செவியால் பற்றிக்கொண்டவனே பாடம் கேட்டவன்.

இதற்கு வழி நம்மிடமே உண்டு. ஒரு நூலை இருமுறை கேட்பவன் பெரும்பாலும் பிழைபடான் என்றும், மும்முறை கேட்பவன் அதன் முறையறிந்து பிறர்க்கு உரைக்க வல்லவனாவான் என்றும் பவணந்தி முனிவர் நன்னூலில் விதித்திருக்கிறார். முதல் முறை எழுதுகோலைத் தொடாமல் போக்கை மட்டும் கேட்க வேண்டும்; இரண்டாம் முறை, வாக்கியங்களை விடுத்து, மெண்டல் செய்தது போலவே பெரிய எழுத்தாலும் சிறிய எழுத்தாலும் குணங்களைக் குறித்து, தலைமுறைக்குத் தலைமுறை அம்புக்குறி இட்டுக்கொள்ளலாம். மூன்றாம் முறை முடிந்ததும் குறிப்பை மூடிவைத்துவிட்டு, அருகிலிருப்பவருக்கு வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். பரீட்சையில் ஒருமுறைதானே என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்த ஒருமுறைக்குரிய வலிமை வீட்டில் மும்முறை கேட்டே வருவது.

விஷயம் புரியாமையை ஆங்கிலம் புரியாமை என்று மயங்கி, வாய்ப்பாடு போல உபாயங்களை விற்கும் வகுப்புகளுக்குப் பணம் கட்டுவோர் பலர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தப் பாடத்தை முதலில் தமிழிலேயே ஓர் ஆசிரியர் வாயிலாகக் கேளுங்கள், ஆங்கில ஒலிப்பதிவை அதன் பிறகு திறவுங்கள்.